மலை இல்லாத ஊர்ல ஒரு டன்னல்

மாடல் ரயில் கட்டுறவங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரு விஷயத்துல எல்லாரும் ஒத்துப் போவாங்க: மாடல்ல டன்னல் வைக்கிறது மலையைக் குடையறதுக்கு இல்லை, வளைவை மறைக்கறதுக்கு.

கணக்கு இதுதான். இந்திய ரயில்வே பிராட்கேஜ்ல அனுமதிக்கிற மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி. ஆரம் 175 மீட்டர். எச்.ஓ அளவுல, அதாவது 87-ல ஒரு பங்கா சுருக்கினா, அது 2 மீட்டர். ரயில் திரும்பி வர ஒரு அரைவட்டம் போடணும்னா 4 மீட்டர் அகலம் வேணும். மணலியில எங்க வீட்டு ஹாலே 10 அடி, அதாவது 3 மீட்டர்தான். அதுல டிவி, பீரோ, தையல் மிஷின், அப்பாவோட கட்டில் எல்லாம் போக மிச்சம்தான் எனக்கு.

அதனால கடைக்காரங்க விக்கிற எச்.ஓ வளைவுல பரவலா இருக்கிறது 457 மி.மீ. ஆரம், பழைய கணக்குல 18 இன்ச். 6-க்கு 4 அடி பிளைவுட் பலகையில கச்சிதமா அடங்கும். ஆனா 87-ஆல பெருக்கிப் பாருங்க: 40 மீட்டர். நிஜத்துல அனுமதிக்கிறதைவிட நாலு மடங்குக்கும் மேல கூர்மை. நீளமான பெட்டி அதுல திரும்புறதைப் பார்த்தா பொம்மைன்னு உடனே தெரிஞ்சுடும். அதனாலதான் அந்த இடத்துக்கு மேல ஒரு மலையைக் கவுத்து வெச்சுடறாங்க. உலகத்துல இருக்கிற மாடல் லேஅவுட்ல பாதியில ஆல்ப்ஸ் மலை இருக்கிறதுக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை நண்பர்களே, இடப் பற்றாக்குறையும்தான்.

நம்ம ஊர்லயே மலை வேணும்னா நீலகிரி இருக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 16 டன்னல், 1908-ல ஊட்டியை எட்டின பாதை. அதைக் கட்டினா பார்க்கிறவங்க எல்லாரும் கைதட்டுவாங்க. ஆனா நான் வளர்ந்தது மணலியில. எங்க ஊர்ல உயரமான பொருள்னா புகைபோக்கிதான்.

மணலின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். ஹாஸ்டல்ல ஊர் பேரைச் சொன்னதும் மூக்கைப் பிடிச்சுக் காட்டுற நண்பர்கள் எனக்கும் உண்டு. 1969-ல உற்பத்தி தொடங்கின ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, அதைச் சுத்தி மத்த கம்பெனிங்க, ராத்திரி பூரா டேங்கர் லாரி. பலருக்குத் தெரியாத ஒண்ணு, எங்க ஊருக்கு ரயிலும் வருது. சென்னை–கூடூர் லைன்ல இருந்து பிரிஞ்சு வர்ற சரக்குப் பாதை. ஆனா ஏறவோ இறங்கவோ முடியாது. வேகன் வரிசையா வரும், ஒரு பெரிய காம்பவுண்டு சுவர்ல இருக்கிற இரும்பு கேட் திறக்கும், உள்ள போயிடும், கேட் மூடிக்கும். அப்புறம் அது எங்க நிக்குது, உள்ள என்ன நடக்குதுன்னு வெளியில இருக்கிற யாருக்கும் தெரியாது.

இந்தக் காட்சியைத்தான் நான் கட்ட நினைச்சேன்.

ரெண்டு ரயில், ரெண்டு அகலம்

வடசென்னைக்கு ரயில் புதுசு இல்லை. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856-ல கிளம்பினது ராயபுரத்துல இருந்துதான். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிக்குது. அதுக்கு 165 வருஷம் கழிச்சு, 2021 பிப்ரவரியில, வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் 9 கிலோமீட்டர் மெட்ரோ வந்துச்சு. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ரெண்டும் தரைக்கு அடியில. அதைத் தாண்டினதும் ரேம்ப்ல ஏறி மேம்பாலத்துல ஓடும். ஆக, மலை இல்லாட்டியும் வடசென்னையில உண்மையான டன்னல் இருக்கு!

இங்கதான் எனக்கு ஒரு சுவாரஸ்யமான கணக்கு கிடைச்சது. எச்.ஓ தண்டவாளத்தோட அகலம் 16.5 மி.மீ. சென்னை மெட்ரோ ஓடுறது ஸ்டாண்டர்ட் கேஜ், 1435 மி.மீ. அதை 87-ஆல வகுத்தா 16.49. அச்சு அசல் பொருத்தம். ஆனா மணலிக்கு வர்ற சரக்கு ரயில் பிராட்கேஜ், 1676 மி.மீ. அதை 87-ஆல வகுத்தா 19.26. அந்த அகலத்துல தண்டவாளம் எந்தக் கடையிலயும் எனக்குக் கிடைக்கலை.

இந்திய ரயில் மாடல் கட்டுறவங்க நிறைய பேர் 16.5-லயே ஓட்டிட்டுப் போயிடறாங்க. 2.8 மி.மீ. வித்தியாசம் யாருக்குத் தெரியப் போவுதுன்னு. தப்பு சொல்லலை, அதான் பிராக்டிகல். ஆனா என் பலகையில மெட்ரோவும் சரக்கு ரயிலும் பக்கத்துல பக்கத்துல வருது. திருவொற்றியூர்ல நின்னு பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒரே அகலம் இல்லைன்னு தெரியும். அதனால முடிவு பண்ணேன்: மெட்ரோவுக்குக் கடை தண்டவாளம், மணலி சைடிங்குக்குக் கையால போட்ட தண்டவாளம்.

பெரியப்பாவோட தண்டவாளம்

எங்க பெரியப்பா ரயில்வேல டிராக்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கிட்டு தினமும் கிலோமீட்டர் கணக்குல நடந்த ஆளு. "நான் போடாத தண்டவாளமா?"ன்னு கட்டில் ஓரமா உக்காந்துட்டார். அதுக்கப்புறம் நான் வெறும் ஹெல்பர்.

எப்படிப் போட்டோம்னு சொல்றேன், யாருக்காவது உதவும். கடையில கிடைக்கிற ஃபிளெக்ஸ் டிராக் ஒண்ணு வாங்கி, பிளாஸ்டிக் கட்டைகள்ல இருந்து ரெண்டு தண்டவாளத்தையும் உருவி எடுத்துக்கிட்டோம். கட்டைக்கு, லேப்ல தூக்கிப் போடுற பிசிபி போர்டு. நிஜத்துல பிராட்கேஜ் கான்கிரீட் கட்டை 2.75 மீட்டர் நீளம், 60 செ.மீ.-க்கு ஒண்ணு. நமக்கு அது 31.6 மி.மீ. நீளம், 6.9 மி.மீ.-க்கு ஒண்ணு. நான் போட்டது 1.2 மீட்டர் சைடிங். அதுக்கே 174 கட்டை வேணும்! எல்லாத்தையும் சால்டர் பண்ணா கண்ணு போயிடும். அதனால அஞ்சுல ஒண்ணு மட்டும் பிசிபி, மத்த நாலும் ஐஸ் குச்சியில அறுத்தது. பிசிபியில காப்பரோட நடுவுல அரத்தால ஒரு கோடு கிழிச்சுடணும். இல்லாட்டி ரெண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரை வெச்சு ஒவ்வொண்ணா பீப் வருதான்னு பார்த்தோம்.

அகலத்துக்கு ஒரு கேஜ் வேணுமே? டிபார்ட்மென்ட் 3டி பிரிண்டர்ல 19.26-க்கு ஒரு சின்னத் துண்டு அடிச்சேன். பெரியப்பா அதை விரல் நடுவுல உருட்டிப் பார்த்துட்டு, "எங்க கேஜ் என் உயரத்துக்கு இருக்கும்டா"ன்னு சிரிச்சார். ஆனா வேலைன்னு வந்தா சிரிப்பு கிடையாது. ஒவ்வொரு பிசிபி கட்டையிலயும் கேஜை வெச்சுப் பார்த்து, லூசா இருந்தா "பிரி"ன்னுடுவார்.

அவர் விடாப்பிடியா நின்ன இன்னொரு விஷயம் இடைவெளி. 60 செ.மீ. நீளத்துல ரெண்டு துண்டு தண்டவாளம், நடுவுல ஒரு மெல்லிசு கேப். "வெயிலுக்கு எடம் வுடு. இல்லாட்டி மே மாசம் அதுவே எடுத்துக்கும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஹால்ல 20 டிகிரி ஏறி இறங்கினா, நிக்கல் சில்வர் தண்டவாளம் 1.2 மீட்டருக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். அந்த கார்டையே வெச்சுதான் கேப் விட்டோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல மூணு மார்க்குக்கு எழுதின ஆல்பா எல் டெல்டா டி எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது.

ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில சலிச்சது. நிஜ ஜல்லி 5 செ.மீ.-ன்னா நமக்கு அரை மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல. ரவை சைஸ். ரவையே போடலாமேன்னு தங்கச்சி கேட்டா. எறும்பு வந்து தண்டவாளத்தையே தூக்கிட்டுப் போயிடும். ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லர்ல சொட்டு சொட்டா விடணும். சோப்பு இல்லாட்டி தண்ணி மணல் மேல முத்து மாதிரி உருண்டு நிக்கும், உள்ள இறங்காது.

டன்னல்

மெட்ரோவை எப்படித் தரைக்கு அடியில கொண்டு போறது? 6 அடி பலகையில ரயிலைக் கீழ இறக்கி மறுபடி மேல ஏத்த நீளம் பத்தாது. அதனால ரயில் பலகை மட்டத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டு, ஊரை 10 செ.மீ. மேல தூக்கினேன். பலகையோட பின்பாதி முழுக்க தெர்மோகோல் அடுக்கு. அதுக்கு மேல தெரு, வீடு, சைடிங். அதுக்கு அடியில மெட்ரோ.

குழாய்க்கு பிவிசி பைப். இந்தப் பகுதியில மெட்ரோ டன்னலோட உள்விட்டம் 5.8 மீட்டர், நம்ம அளவுல 67 மி.மீ. 75 மி.மீ. பிளம்பிங் பைப்போட உள்பக்கம் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனா பைப் வளையாதே? இதுக்கு பதில் நிஜ மெட்ரோவுலயே இருக்கு. டிபிஎம் மிஷின் மண்ணைக் குடைஞ்சுக்கிட்டே போகும்போது, பின்னாடியே கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து வளையம் வளையமா அடுக்குறாங்க. வளைவு வர்ற இடத்துல ஒரு பக்கம் கொஞ்சம் அகலம், ஒரு பக்கம் கொஞ்சம் குறுகலா இருக்கிற வளையங்களைப் போட்டா, டன்னல் தானா திரும்பும். நானும் பைப்பை அப்படியே சாய்வா அறுத்து வளையங்களா ஒட்டினேன். ஆக்ஸா பிளேடு நாலு தேய்ஞ்சுது.

இன்னொரு கணக்கும் முக்கியம். வளைவுல பெட்டி திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கம் வெட்டும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். 245 மி.மீ. நீளப் பெட்டி, போகிகளுக்கு நடுவுல 170 மி.மீ., ஆரம் 457-ன்னா ரெண்டு பக்கமும் சுமார் 8 மி.மீ. ஒதுங்கும். பெட்டி அகலம் 33, கூட 16, மொத்தம் 49. பைப்புக்குள்ள தாராளமா போகும். டன்னல் கட்டுறதுக்கு முன்னாடி உங்க கிட்ட இருக்கிற மிக நீளமான பெட்டியை வெச்சு இதைப் போட்டுப் பார்த்துடுங்க.

அடுத்தது உலகம் முழுக்க சொல்ற ஒரே விதி: டன்னலுக்குப் பின்பக்கம் திறந்தே இருக்கணும். வண்டி தடம் புரளுறது எப்பவும் கை எட்டாத இடத்துலதான். அதனால பின்பக்கம் பைப்பை நீளவாக்குல பாதியா வெட்டி, கை போற மாதிரி விட்டிருக்கேன். முன்னாடி நின்னு பார்த்தா முழு டன்னல். பின்னாடி போய் பார்த்தா எல்லா வயரும், எல்லா பூச்சும், ஓடுற வண்டியும் தெரியும். பலகைக்கு அடியில சக்கரம் மாட்டியிருக்கேன், சுவத்துல இருந்து இழுத்துக்கலாம்.

மாடல் ரயிலெல்லாம் இன்ஜினியரிங் பசங்க வேலையான்னு கேக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1946-ல எம்.ஐ.டி.யில ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, அமெரிக்காவுல இருக்கிறது. அதுல ரெண்டு கோஷ்டி: மேல மலையும் ஊரும் கட்டுறவங்க ஒண்ணு, பலகைக்கு அடியில டெலிபோன் ரிலேவை வெச்சு சிக்னல் சர்க்யூட் போடுறவங்க இன்னொண்ணு. அந்த அடியில இருந்த கூட்டம்தான் அப்புறம் காலேஜ் கம்ப்யூட்டர்ல கை வெச்சு, 'ஹேக்'ங்கிற வார்த்தைக்கு இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்தைக் கொடுத்துச்சு. பின்பக்கத்துல வேலை செய்யறவங்களுக்கு அவ்வளவு மரியாதை உண்டு.

சுவருக்குப் பின்னாடி

இப்ப சைடிங்குக்கு வர்றேன். 1.2 மீட்டர்ல பாதி வெளியில, தெரு ஓரமா. பாதி சுவருக்கு உள்ள. சுவர் சன்போர்டுல செஞ்சது, மேல முள்கம்பி, அழுக்கு பிரவுன் கலர், கேட் திறந்து மூடும். முன்னாடி இருந்து பார்த்தா சுவர் மட்டும்தான். நாங்க வாழ்க்கை முழுக்கப் பார்த்த மணலி அது.

ஆனா பின்பக்கம் திறந்திருக்கே? மெட்ரோ டன்னலுக்காக விட்ட அதே திறப்புல, மேல் தட்டுல, சுவரோட உள்பக்கமும் தெரியும். அங்க என்ன வைக்கிறது? நான் ஒரு நாளும் உள்ள போனதில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்த ஆளு எங்க வீட்டுல ஒருத்தர்தான். எங்கப்பா. அவர் லோடுமேன். ரேக் எங்க நிக்குதோ அங்க கான்ட்ராக்டர் கூப்பிடுவார், போவார்.

அப்பா வேலையைப் பத்தி வீட்டுல பேசினதே இல்லை. வருவார், குளிப்பார், முதுகுக்குத் தைலம், தூக்கம். படிவத்துல 'தந்தையின் தொழில்'னு வர்ற இடத்துல நான் 'தனியார்'னு எழுதுவேன். அவரும் அதைத்தான் எழுதச் சொன்னார்.

தங்கச்சி காப்பர் கம்பியிலயும் எம்-சீல்லயும் 19 மி.மீ. உயரத்துல ஆளுங்க செஞ்சு, பிளாட்பாரத்துல வரிசையா காய வெச்சிருந்தா. அப்பா டீ கிளாஸோட வந்து குனிஞ்சு பார்த்தார்.

"இன்னாடா இது, பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க?"

"காயறதுக்கு வெச்சிருக்குப்பா. எங்கெங்க நிக்கணும்னு நீயே சொல்லேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கிளாஸைக் கீழ வெச்சுட்டு ட்வீஸரை வாங்கினார்.

வேகன் கதவு நடுவுல இருக்கும். ஆனா மூட்டையை முதல்ல ரெண்டு கோடியிலயும் அடுக்கணும், கடைசியிலதான் கதவுக்கு வரணும். அதனால உள்ள ரெண்டு பேர் அடுக்க, வெளியில மத்தவங்க நடந்துக்கிட்டே இருக்கணும், யாரும் நிக்கக் கூடாது. பிளாட்பாரத்துக்கும் வேகனுக்கும் நடுவுல ஒரு பலகை. தலையில சும்மாடு. "சும்மாடு இல்லாம ஒருத்தனும் இல்ல, எல்லாத்துக்கும் வை." தண்ணி கேன் வேகனோட நிழல்ல, ஆனா நிழல் மதியத்துக்கு மேல அந்தப் பக்கம் போயிடும், அதனால கேனும் போகும். என்ஜின் ரேக்கை விட்டுட்டுப் போயிடும். அப்புறம் ஒரு வேகனைக் கொஞ்சம் நகர்த்தணும்னா சக்கரத்துக்கு அடியில கடப்பாரை கொடுத்து ஆளுங்களே தள்ளணும். என் பிராட்கேஜ் வேகனுக்கு மோட்டார் இல்லை, கையாலதான் தள்ளணும்னு வருத்தப்பட்டுக்கிட்டிருந்தேன். அதுதான் சரின்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

நான் கணக்குப் போட்டேன். யூரியா மூட்டை 45 கிலோ. ஒரு வேகன்ல 60 டன் ஏத்தினா 1,300-க்கு மேல மூட்டை. பழைய மாதிரி மூடு வேகன் ரேக்குக்கு 42 வேகன், 56,000 மூட்டை. அதையும் ரயில்வே கொடுக்கிற நேரத்துக்குள்ள முடிக்கணும், தாண்டினா டெமரேஜ். நீளம் 87 பங்கு சுருங்கினா எடை 87-ஐ மூணு முறை பெருக்கின அளவு சுருங்கும், அதாவது 6,58,503 பங்கு. அப்பா தலையில 45 கிலோவா இருக்கிற மூட்டை என் ட்வீஸர்ல 0.07 கிராம். ஊதினா பறந்துடும். நாங்க செஞ்ச 60 மூட்டையையும் சேர்த்துத் தராசுல வெச்சா சுமார் 4 கிராம்தான் வரணும்.

இந்தக் கணக்கை அப்பா கிட்ட சொன்னேன். "அப்போ உங்க ஊர்ல இந்த வேலை கிடைச்சா நல்லாருக்கும்"னு மட்டும் சொன்னார்.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தார். எந்த ஆளு யாருன்னு சொன்னார். இவன் இடது தோள்ல மட்டும்தான் தூக்குவான், இவன் பாட்டு பாடுவான், இவரு வயசானவர், அதனால மூட்டை தைக்கிற இடத்துல உக்கார வெச்சிருக்கோம். இத்தனை வருஷம் எனக்கு ஒரு பேரும் தெரியாது.

ஸ்டேஷன் எங்க?

டிபார்ட்மென்ட் விழாவுல லேஅவுட்டை வெச்சிருந்தோம், பார்த்திருப்பீங்க. முன்னாடி நின்ன எல்லாரும் கேட்ட கேள்வி, "ஸ்டேஷன் எங்க?" சிலர் ஐடியாவே கொடுத்தாங்க, சுவரோரமா ஒரு பிளாட்பாரம் வை, 'மணலி'ன்னு மஞ்சள் போர்டு வை, சூப்பரா இருக்கும்னு. ஆசையா இருந்துச்சு, மறைக்கலை. அம்மா பஸ்ல மாறி மாறி போறதை நினைச்சா அந்த போர்டை நட்டுடலாம்னுதான் தோணுது. ஆனா 2.8 மி.மீ.-க்காக 174 கட்டையை அளந்து போட்டவன், இல்லாத ஸ்டேஷனை எப்படி வைக்கிறது? நிஜத்துல வரட்டும், அடுத்த வாரமே வெச்சுடறேன். ஒரு அடி இடம் காலியா விட்டிருக்கேன்.

அதுக்குப் பதிலா கேட்டவங்களை எல்லாம் பின்பக்கம் கூட்டிட்டுப் போய் காட்டினேன். முன்னாடி இருந்து மெட்ரோவை வீடியோ எடுத்தவங்க, பின்னாடி வந்ததும் போனை இறக்கிட்டு, எத்தனை ஆளுன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு ஜூனியர், "எங்கப்பாவும் லோடுதான் ணா, கொருக்குப்பேட்டையில"ன்னு மெதுவா சொன்னான். இப்ப அவனும் எங்க டீம்ல இருக்கான். சிக்னல் சர்க்யூட் அவன் பொறுப்பு.

உங்க ஊர் ஜோலார்பேட்டையோ செங்கோட்டையோ மேட்டுப்பாளையமோ, எதுவா இருந்தாலும் அதைக் கட்டுங்க. ஆல்ப்ஸ் மலையைக் கட்ட ஆளுங்க நிறைய இருக்காங்க. பிசிபி துண்டு, ஐஸ் குச்சி, பைப், ஒரு பழைய பலகை, இது போதும் ஆரம்பிக்க. கேஜ் பிரிண்ட் ஃபைல் என்கிட்ட இருக்கு, யார் கேட்டாலும் தர்றேன். டன்னலுக்குப் பின்பக்கத்தை மட்டும் அடைச்சுடாதீங்க.

அடுத்த செமஸ்டருக்குள்ள ரெண்டாவது வேகனை முடிக்கணும். அப்பா கணக்குப்படி இன்னும் எட்டு ஆள் குறையுது. ஒருத்தருக்குக் கையில டிபன் கேரியர் வேணுமாம்.